ஜிக் ஹெட் தெரிவதும் பூட்டுவதும்: வன்னிக் குளக்கட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சான் திரும்பிப் போகும்போது ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டியை என்னிடம் விட்டுப் போனார். திறந்தால் உள்ளே ஈயத் தலை வைத்த தூண்டில் முள்ளும் (இதைத்தான் ஜிக் ஹெட் என்கிறார்கள்) விரல் நீள ரப்பர் புழுக்களும். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. இப்போது குளக்கட்டில் நின்று எறிந்தால் யாராவது சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து "இது என்ன அண்ணை?" என்று தொடங்குவார்கள். இரவானால் ரொறன்ரோவிலிருந்து சொந்தக்காரப் பெடியன் ஒருவன் வீடியோ அனுப்பிச் சந்தேகம் கேட்பான். சொன்னதையே சொல்லிச் சலித்துப்போய் இதை எழுதி வைக்கிறேன்.

பாஸ் மீன் நம் குளங்களில் இருக்கிறதா?

இல்லை. வீடியோக்களில் காட்டும் பெருவாய் பாஸும் சிறுவாய் பாஸும் வட அமெரிக்காவுக்கு உரியவை. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு எங்கே தேடினாலும் கிடைக்காது. நம் குளங்களில் விரால், திலாப்பியா, கெளிறு, வாளை, பிறகு குஞ்சு விட்டு வளர்க்கும் ரோகு, கட்லா. ஹோட்டல்களில் 'சீ பாஸ்' என்று எழுதி வைத்திருப்பது நம் கொடுவாயைத்தான். பெயரில் பாஸ் இருக்கிறதே தவிர அமெரிக்கப் பாஸுக்கு அது சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை.

அப்படியென்றால் இந்தப் பக்கம் எதற்கு? என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேர் ஒன்ராறியோ ஏரிகளில் உண்மையாகவே பாஸ் பிடிக்கிற வன்னிப் பெடியள். மீதிப் பேர் அதே சாமானை இங்கே நந்திக்கடலிலும் குளத்திலும் எறிந்து பார்க்க ஆசைப்படுபவர்கள். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். எது எங்கே மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

ஃபினெஸ் என்கிறார்களே, அது என்ன?

நாசூக்கான தூண்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன இரை, குறைந்த எடை, மெல்லிய நூல், கொஞ்ச அசைவு. மீன் பசியோடு பாய்ந்து வரும் நாளில் இது தேவைப்படாது. தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்திருக்கும்போது, குளிரில் மீன் சோம்பிக் கிடக்கும்போது, ஏரிக்கு ஆயிரம் பேர் வந்து எறிந்து மீன் எல்லாச் சாமானையும் பார்த்துப் பழகிய பிறகு, பெரிய இரைகள் தோற்றுப்போகும். அப்போதுதான் இது கைகொடுக்கும்.

இதில் பெயர் பெற்றது 'நெட் ரிக்'. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் மீன்பிடி பற்றி எழுதிவந்த நெட் கேடி என்பவரின் பெயரால் வந்தது. காளான் குடை போன்ற சின்னத் தலை, இரண்டரை மூன்று அங்குல ரப்பர்த் துண்டு, அவ்வளவுதான். பார்த்தால் சிகரெட் துண்டு மாதிரி இருக்கும். மச்சான் முதலில் காட்டியபோது நான் சிரித்துவிட்டேன்.

எந்த எடையில் வாங்குவது?

எல்லாக் கேள்விக்கும் மேலான கேள்வி இது. அடியில் படுவது உங்கள் கைக்குத் தெரிகிற எடைகளில் மிகக் குறைந்தது எதுவோ, அதுதான் உங்கள் எடை. மீதி எல்லாம் இதற்கு விளக்கம்.

பெட்டிகளில் அவுன்ஸ் கணக்கு அச்சடித்திருக்கும். நமக்குக் கிராமில் சொன்னால் விளங்கும். பதினாறில் ஒரு அவுன்ஸ் 1.8 கிராம். முப்பத்திரண்டில் மூன்று 2.7 கிராம். எட்டில் ஒன்று 3.5 கிராம். பதினாறில் மூன்று 5.3 கிராம். கால் அவுன்ஸ் 7 கிராமுக்குச் சற்று மேல். நெட் ரிக்காரர் பெரும்பாலும் முதல் இரண்டோடு நின்றுவிடுவார்கள். 3.5 கிராம் போட்டாலே "என்ன இவ்வளவு பாரம்" என்பார்கள்.

எடை குறைந்தால் இரை மெல்ல விழும். சோம்பிய மீனுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். விழும் வேளையிலேயே பாதி மீன் வாயில் எடுத்துவிடும். பாரம் கூடினால் இரை கல் மாதிரித் தொப்பென்று போய்ச் சேற்றில் புதையும். நம் குளங்களின் அடி பெரும்பாலும் சேறு என்பதால் இது இங்கே இன்னும் பெரிய கரைச்சல். ஒருநாள் முத்தையன்கட்டில் 7 கிராம் போட்டு இழுத்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் அழுகிய இலையும் சேறும் வந்ததே தவிர வேறொன்றும் வரவில்லை. அன்றே 2.7க்கு மாற்றியதும் திலாப்பியா தட்டுவது தெரிந்தது.

எறிந்ததும் எண்ணிப் பழகுங்கள். இரை தண்ணீரில் பட்டதிலிருந்து நூல் தளரும்வரை ஒன்று, இரண்டு, மூன்று. இன்று ஒரு இடத்தில் எட்டு வந்தது, பத்தடி தள்ளிப் பன்னிரண்டு வந்தது என்றால் அங்கே பள்ளம் இருக்கிறது. ஐந்தில் திடீரென்று நின்றால் ஒன்று மரக்குற்றி, இல்லையென்றால் மீன். சந்தேகம் வந்தால் மெல்லத் தூக்கிப் பாருங்கள்.

என் கணக்கு இப்படி. ஆள் உயரத் தண்ணீர், காற்று இல்லை: 1.8 அல்லது 2.7 கிராம். இரண்டாள் உயரம்: 3.5. காற்றும் ஓட்டமும் இருந்தால்: 5 முதல் 7. சோளகம் வீசும் மாதங்களில், மே தொடங்கிச் செப்டெம்பர் வரை, இரணைமடுக் கட்டில் நின்றால் காற்று முகத்தில்தான் அடிக்கும். நூல் வில்லாக வளைந்து இரையைத் தூக்கிவிடும். அந்த நாட்களில் 2 கிராமை வைத்துக்கொண்டு தவம் கிடக்காதீர்கள். ஒன்றில் எடையைக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் காற்று ஒதுங்கிய மூலைக்குப் போங்கள்.

தலை எத்தனை வடிவத்தில் வருகிறது? எல்லாம் வேண்டுமா?

வேண்டாம். கடைக்காரருக்குத்தான் எல்லாம் வேண்டும்.

உருண்டைத் தலை எதற்கும் போகும். ஒன்றே ஒன்று வாங்கக் காசு இருந்தால் அதை வாங்குங்கள். காளான் தலை நெட் ரிக்குக்கு. அதன் பின்பக்கம் தட்டையாக இருப்பதால் ரப்பர் இடைவெளியின்றி ஒட்டி உட்காரும், மிதக்கும் ரப்பராக இருந்தால் வால் மேலே நிமிர்ந்து நிற்கும். அடிப்பக்கம் தட்டையாக, ரப்பரைத் திருகிப் பூட்டச் சுருள் கம்பியோடு வருவது 'ஷேக்கி ஹெட்'. நீளப் புழுவுக்கும் புல்லுக்கும் அதுதான். ரக்பி பந்து மாதிரிக் குறுக்கே நீண்டது கல்லுத் தரைக்கு. சிறுவாய் பாஸ் கல்லில் இறால் வகைகளைத் தேடும் மீன், அதற்காக வந்தது. சேற்றுக் குளத்தில் அதற்கு வேலை இல்லை.

முள்ளின் அளவு எப்படிப் பார்ப்பது?

முதலில் இலக்கக் குழப்பம். வெறும் இலக்கமாக இருந்தால் இலக்கம் ஏற ஏற முள் சிறுக்கும். 4ஆம் இலக்கம் 1ஆம் இலக்கத்தைவிடச் சின்னது. சாய்கோடும் சுழியும் சேர்ந்தால் தலைகீழ். 1/0 ஐவிட 2/0 பெரியது, 3/0 அதைவிடப் பெரியது. இது தெரியாமல் ஒரு தம்பி விராலுக்கென்று 6ஆம் இலக்கம் வாங்கிவந்து நின்றான். அது விராலுக்கு மிகச் சின்னது.

ரப்பரைத் தலைக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். முள்ளின் வளைவு ரப்பரின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவில் வெளியே வரவேண்டும். பாதியைத் தாண்டினால் ரப்பர் கட்டைபோல விறைத்து அசையாது. கால்வாசியிலேயே வந்துவிட்டால் மீன் வாலைக் கடித்துக்கொண்டு போகும், முள் படாது. இரண்டரை அங்குலத்துக்கு 4 முதல் 1ஆம் இலக்கம் வரை, நான்கு அங்குலத்துக்கு 1/0 அல்லது 2/0 என்று தொடங்குங்கள். வாய் அகலமும் முக்கியம். தண்டுக்கும் கூருக்கும் நடுவே ரப்பர் போய் மிஞ்சி இடம் இருக்க வேண்டும்.

அடுத்தது கம்பியின் தடிப்பு. இதில்தான் நான் அடி வாங்கினேன். பாஸுக்கான ஃபினெஸ் முள் மெல்லிய கம்பியில் வரும். அதற்குக் காரணம் உண்டு. மெல்லிய தடியால், மெல்லிய நூலால் ஓங்கி இழுக்க முடியாது, கம்பி மெலிந்திருந்தால் சும்மா இழுத்தாலே குத்தும். மரத்தில் மாட்டினால் நிதானமாக இழுக்க முள் நிமிர்ந்து வெளியே வரும், தலை தப்பும். ஒன்ராறியோவில் ஒரு கிலோ பாஸுக்கு அது அழகாக வேலை செய்யும்.

அதே முள்ளை வட்டுவாகல் பாலத்தடியில் போட்டேன். இணையத்தில் ஒரு கடையில் மலிவு என்று ஐம்பது வாங்கியிருந்தேன். மாலை இருட்டுகிற நேரம், வற்று ஓட்டம். கொடுவா எடுத்தது. இரண்டு தரம் பாய்ந்து தலையை உதறியது. மூன்றாவது உதறலில் நூல் தளர்ந்தது. அறுந்துவிட்டது என்று நினைத்துச் சுற்றி எடுத்தால் முள் இருக்கிறது, நேராக, தையல் ஊசி மாதிரி. பக்கத்தில் கைத்தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஐயா எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, சட்டை தைக்கவோ வந்தனீர்?" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கொள்கை. எடையைக் குறைப்பேன், முள்ளைக் குறைக்கமாட்டேன். 3 கிராம் தலையில் தடித்த கம்பி முள் வைத்ததும் விற்கிறார்கள். பெட்டியில் 'ஹெவி' என்று முள்ளுக்குத் தனியாக எழுதியிருக்கும். தேடி வாங்குங்கள். வீட்டில் ஒரு சோதனை: முள்ளின் கூர் முனையைக் குறட்டால் பிடித்துக்கொண்டு தலையை விரலால் தள்ளுங்கள். சும்மா வளைந்தால் அது திலாப்பியாவுக்கு.

நூல் கட்டும் கண் சில தலையில் நேரே மேலே நிற்கிறது, சிலதில் முன்னுக்குச் சாய்ந்திருக்கிறது. ஏன்?

நேரே நிமிர்ந்தது (90 பாகை) தூக்கும்போது இரையைக் கிடையாக வைத்திருக்கும், வெளித்த இடத்துக்கு நல்லது. முன்னுக்குச் சாய்ந்தது புல்லுக்கூடாக நழுவும். 60 பாகை நடுவழி.

ரப்பரைப் பூட்டினால் எனக்குக் கோணுகிறது. இழுத்தால் சுற்றுகிறது. என்ன பிழை?

பிழை பூட்டுவதில். மீன் வராததற்கு எல்லோரும் நிறத்தைக் குறை சொல்வார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்த மட்டில் பத்துக்கு ஆறு பேரின் ரப்பர் கோணல்தான். கோணிய ரப்பர் தண்ணீரில் பம்பரமாகச் சுற்றும், நூல் முறுக்கேறும், அரைமணித்தியாலத்தில் ரீலில் குருவிக்கூடு.

இப்படிச் செய்யுங்கள். ஜிக் ஹெட்டை ரப்பருக்குப் பக்கத்தில் கிடத்தி, ரப்பரின் தலையும் ஈயத்தின் பின்பக்கமும் ஒரே இடத்தில் இருக்கும்படி வையுங்கள். முள்ளின் வளைவு முடிகிற இடத்தை நகத்தால் அடையாளமிடுங்கள். கூர் அங்கேதான் வெளியே வரவேண்டும், முன்னும் இல்லை பின்னும் இல்லை. பிறகு ரப்பரின் மூக்கில் நட்டநடுவே குத்துங்கள். அநேகமான ரப்பரில் அச்சு ஒட்டிய கோடு ஒன்று நீளத்துக்கு ஓடும், அதைக் கண்ணுக்கு வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். முள்ளைத் தள்ளாதீர்கள். முள்ளை அசையாமல் பிடித்துக்கொண்டு ரப்பரை அதன்மேல் ஏற்றுங்கள், பாவாடைக்குள் நாடா கோர்ப்பது போல கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கி. அடையாளம் வந்ததும் கூரைத் திருப்பி முதுகின் நடுக்கோட்டில் வெளியே எடுங்கள்.

கடைசியாக ஈயத்தின் கழுத்தில் இருக்கும் சின்ன முள்ளுக்கு மேலாக ரப்பரை அழுத்தி ஏற்ற வேண்டும். அதற்கு முன் கழுத்தில் ஒரு துளி சூப்பர் குளூ. ஒரு துளிதான், இரண்டு போட்டால் விரலும் சேர்ந்து ஒட்டும். இப்போது முகத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ரப்பர் அம்பு மாதிரி நேராக இருக்க வேண்டும். நடுவில் சுருங்கிக் கூனியிருந்தால் கூர் பிந்தி வெளியே வந்திருக்கிறது என்று அர்த்தம். இழுபட்டு விறைத்திருந்தால் முன்கூட்டியே வந்துவிட்டது. கழற்றித் திரும்பப் பூட்டுங்கள். அந்த ஒரு நிமிடத்துக்குச் சோம்பல்பட்டால் நாள் முழுக்க வீண்.

தாமரையும் பாசியும் பட்ட மரமும் நிறைந்த குளம். எறிந்த இடத்திலேயே மாட்டுகிறதே?

கூர் வெளியே நிற்கும் தலையை அங்கே எறியவே வேண்டாம். திருகுச் சுருள் வைத்த தலையை எடுங்கள். ரப்பரின் மூக்கைச் சுருளில் திருகிப் பூட்டி, முள்ளை ரப்பரின் வயிற்றுக்கூடாக முழுதாகக் குத்தி முதுகில் எடுத்து, கூரை மட்டும் முதுகுத் தோலுக்குள் இலேசாக மறைத்துவிடுங்கள். மீன் கடித்தால் ரப்பர் நசுங்கிக் கூர் வெளிவரும். புல் உரசினால் வராது. ஒரு விலை உண்டு: இந்தப் பூட்டலில் மீன் கடித்ததும் கொஞ்சம் ஓங்கி இழுக்க வேண்டும், ஆகவே 6 இறாத்தல் தாங்கும் நூல் காணாது.

ரப்பர் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. நான் ஒரு பெட்டியை இழந்துதான் படித்தேன். சாதாரண ரப்பர் பிவிசி. 'எலாஸ்டெக்' என்ற பெயரில் இசட்-மேன் நிறுவனம் விற்பது வேறு சாதி. இழுத்தால் நாலு மடங்கு நீளும், பல்லுக்குக் கிழியாது, தண்ணீரில் மிதக்கும். நெட் ரிக்கில் வால் நிமிர்ந்து நிற்பது அந்த மிதப்பால்தான். ஆனால் இரண்டு சாதியையும் ஒன்றாகப் போட்டு வைத்தால் ஒன்றையொன்று உருக்கிவிடும். மச்சானின் பெட்டியை ஏப்ரல் வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் இரண்டு நாள் வைத்திருந்தேன். திறந்தால் கருப்பட்டிப் பாகு. வந்த பையிலேயே வைத்திருங்கள், நிழலில்.

நிறம்?

தெளிந்த தண்ணீருக்குப் பச்சையும் மண்ணிறமும், கலங்கலுக்குக் கறுப்பு. இதற்கு மேல் யோசிப்பது பொழுதுபோக்கு.

என்ன நூல், என்ன முடிச்சு?

ரீலில் 8 அல்லது 10 இறாத்தல் பின்னல் நூல், முனையில் ஒரு பாகம் (இரண்டு கையும் விரித்த நீளம்) ஃபுளோரோகார்பன் நூல். பின்னல் நூல் இழுபடாது, ஆகவே 2 கிராம் தலை அடியில் பட்டாலும் விரலுக்குத் தெரியும். ஆனால் அது மிதக்கும், கண்ணுக்கும் தெரியும். ஃபுளோரோகார்பன் தாழும், தண்ணீரில் அதிகம் தெரியாது, கல்லுக்கும் மரத்துக்கும் தாங்கும். பாஸுக்கு 6 அல்லது 8 இறாத்தல் முனை போதும். களப்பில் கொடுவா இருக்கும் என்றால் 25, 30க்குப் போங்கள். கொடுவாயின் செவுள் மூடி கத்திதான். கையையும் வெட்டும், நூலையும் வெட்டும்.

பின்னல் நூல் கிடைக்காவிட்டால் தங்கூசி போதும். 0.20 மில்லிமீற்றர் தடிப்புக்கு மேல் போகாதீர்கள், போனால் இலேசான தலை பறக்காது. சிலர் பயந்து கேட்பதால் சொல்கிறேன்: தடை இருப்பது தங்கூசி வலைக்கு, தூண்டிலில் கட்டும் தங்கூசிக்கு அல்ல.

முடிச்சுக்குப் பலோமார். நூலை ஒரு சாண் இரட்டையாக மடியுங்கள். மடித்த நுனியைக் கண்ணுக்கூடாக விடுங்கள். அந்த இரட்டை நூலால் சாதாரண முடிச்சு ஒன்றைத் தளர்வாகப் போடுங்கள். நுனியில் மிஞ்சி நிற்கும் வளையத்துக்கூடாக ஜிக் ஹெட் முழுவதையும் விட்டு எடுங்கள். எச்சில் தொட்டு ஈரமாக்கி இறுக்குங்கள். ஈரமாக்காமல் இறுக்கினால் சூட்டில் நூல் நலிந்துவிடும். பிறகு அறுந்தால் மீனைத் திட்டக்கூடாது.

என்னிடம் தடியும் ரீலும் இல்லை. போத்தலில் சுற்றிய கைத்தூண்டில்தான். முடியுமா?

முடியும், ஆனால் 2 கிராமை எறிய முடியாது. 7 கிராமுக்குப் போங்கள், அல்லது பாலத்திலிருந்தோ துருசுக் கட்டிலிருந்தோ நேரே கீழே விடுங்கள். கீழே விடுவதற்கு 3.5 கிராம் தாராளம். சொல்லப்போனால் விரலில் நேரே நூலைப் பிடித்திருப்பவனுக்குத் தெரிகிற தட்டல் எந்த விலைகூடிய தடிக்காரனுக்கும் தெரியாது. சட்டை தைக்கவோ என்று கேட்ட ஐயா அன்று இரண்டு செம்மையான மீன் கொண்டு போனார்.

ஜிக் ஹெட்டே இல்லையென்றால், சாதாரண முள்ளின் கண்ணை ஒட்டி நூலில் ஒரு சின்ன ஈயக் குண்டைக் குறட்டால் நசுக்கிப் பூட்டுங்கள். முக்கால்வாசி வேலையை அது செய்யும்.

தடி வாங்குவதென்றால் ஆறரை ஏழடி நீளம், இலேசு வகை, 2000 அல்லது 2500 அளவு ரீல்.

எறிந்த பிறகு எப்படி இழுப்பது?

மிகக் குறைவாக. விழவிடுங்கள். அடியில் பட்டதும் பத்து எண்ணும்வரை ஒன்றும் செய்யாதீர்கள். இதுதான் நம்மவர்களுக்குக் கஷ்டம், கை சும்மா இருக்காது. பிறகு தடியின் நுனியால் ஒரு சாண் இழுத்து மறுபடி நிறுத்துங்கள். இடைக்கிடை நூல் தளர்ந்த நிலையில் தடியை நடுங்கவிடுங்கள், இரை இடம் பெயராமல் வால் மட்டும் ஆடும். ஒன்ராறியோவில் வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் குளிர்ந்த தண்ணீரில் இது பொன்.

நம் தண்ணீர் வருடம் முழுக்கச் சூடு, மீன் சுறுசுறுப்பு. ஆகவே பத்து என்பதை மூன்றாகக் குறையுங்கள். அடியிலிருந்து ஒரு முழம் உயர்த்தி மெல்ல நீந்தவிட்டு மறுபடி விழவிடுங்கள். கடி என்பது வீடியோவில் காட்டுகிற மாதிரித் தடி வளைவதல்ல. நூல் பக்கவாட்டில் ஊரும், அல்லது திடீரென்று பாரமே இல்லாததுபோல் இருக்கும். சந்தேகம் வந்தால் இழுங்கள், இழுப்பதற்குக் காசு இல்லை.

விராலுக்கு இது சரிவருமா?

நேர்மையாகச் சொன்னால் இதைவிட நல்ல வழி உண்டு. விரால் மேல் தண்ணீரில், புல்லுக்கூடாக வேட்டையாடும், மூச்செடுக்க மேலே வரும். அதற்கு ரப்பர்த் தவளையோ உயிர்த் தவளையோதான். மேல்வாய் எலும்பு, மெல்லிய முள் ஏறாது. புல்லின் ஓரத்தில், வெளித்த பள்ளத்தில், கூர் மறைத்த தலையில் நான்கு அங்குல ரப்பர் போட்டுச் சில எடுத்திருக்கிறேன், அவ்வளவே.

சிவந்த குஞ்சுக் கூட்டம் தண்ணீரில் கொதிப்பது போல் தெரிந்தால் அடியில் தாய் தகப்பன் காவல் நிற்கும். எதைப் போட்டாலும் கோபத்தில் அடிக்கும். போடாதீர்கள். அதைத் தூக்கினால் குஞ்சு முழுவதையும் மற்ற மீன் தின்றுவிடும்.

களப்பில்?

இந்தச் சாமானுக்கு வன்னியில் நல்ல இடம் களப்புத்தான் என்பது என் எண்ணம். நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய். கொடுவா, செம்பல்லி, பாரைக் குஞ்சு, கலவாய் எல்லாம் மூன்று அங்குல ரப்பர் மீனை எடுக்கும். தொடுவாய் (களப்பு கடலோடு சேரும் இடம்) திறந்திருக்கும் காலத்தில் வற்று ஓட்டம் தொடங்கும் முதல் ஒரு மணித்தியாலம், பாலத் தூணின் ஓட்டம் ஒதுங்கிய பக்கம். 5 முதல் 7 கிராம், தடித்த முள். உப்புத் தண்ணீருக்கு வெள்ளீயப் பூச்சுள்ள முள் வேண்டும். குளத்துக்கான கறுத்த முள் இரண்டாம் நாளே துருப்பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்துவிட்டுத்தான் பெட்டியில் போடுங்கள். ஈரமாக ஒன்றைப் போட்டால் மற்ற இருபதும் போகும்.

வீட்டில் ஈயம் உருக்கி வார்க்கலாமா?

வார்க்கிறார்கள். ஈயம் 327 பாகையில் உருகிவிடும், தேங்காய்ச் சிரட்டை நெருப்பே போதும். ஆனால் குசினியில் கூடாது, சமைக்கிற சட்டியில் கூடவே கூடாது, குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஈயப் புகையும் தூசும் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு. அச்சில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் உருகிய ஈயம் வெடித்து முகத்தில் தெறிக்கும். வலையில் இருந்து கழற்றிய ஈயம் பரவாயில்லை. பழைய பற்றரியை உடைத்து எடுக்கும் ஈயம் வேண்டாம், அதில் அமிலமும் வேறு நஞ்சுகளும் சேர்ந்திருக்கும்.

இன்னொன்றையும் இந்த மண்ணில் சொல்லியே ஆகவேண்டும். தோட்டம் கொத்தும்போது கிடைக்கிற சன்னம், ரவை, என்னவென்று தெரியாத இரும்பு எதையும் நெருப்பில் போடாதீர்கள், கையிலும் எடுக்காதீர்கள்.

ஈயத் தலைக்குக் கனடாவில் தடை என்கிறார்களே?

தேசியப் பூங்காக்களுக்குள் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக் குண்டும் ஈய ஜிக்கும் வைத்திருக்கவே கூடாது. 'லூன்' என்ற நீர்ப்பறவை கூழாங்கல் என்று நினைத்து விழுங்கிச் செத்துப்போவதுதான் காரணம். நாம் கதைக்கும் தலைகள் எல்லாம் அந்த அளவுக்குள் வருகின்றன. பூங்காவுக்குப் போகிறவர்கள் டங்ஸ்டன் வாங்குங்கள். ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் அடர்த்தி, ஆகவே அதே எடையில் தலை சின்னதாக இருக்கும், அடியில் பட்டால் 'டிக்' என்று தெரியும். விலைதான் கையைக் கடிக்கும்.

ஒன்ராறியோவில் 18 முதல் 64 வயது வரையுள்ளவர்களுக்கு அவுட்டோர்ஸ் கார்ட்டும் மீன்பிடி அனுமதியும் வேண்டும். பாஸ் பிடிக்கும் பருவம் வலயத்துக்கு வலயம் மாறும், மாகாணத்தின் அந்த வருட விதிகளைப் பார்த்துவிட்டே எறியுங்கள்.

இங்கே எங்கே நின்று எறியலாம்?

குளங்களில் நன்னீர் மீன்பிடிச் சங்கங்கள் உண்டு. குஞ்சு விடுவது, வலை போடுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு, பலருக்கு அதுதான் சோறு. முதலில் போய்க் கேளுங்கள். ஒரு தூண்டிலுக்கு யாரும் இல்லை என்று சொன்னதாக எனக்கு அனுபவம் இல்லை, கேளாமல் போனவர்களைத்தான் திட்டியிருக்கிறார்கள். சுண்டிக்குளம் 2015 முதல் தேசியப் பூங்கா. கட்டுக்கரைக்குளமும் வங்காலையும் பறவைச் சரணாலயங்கள். அங்கெல்லாம் தூண்டிலோடு போக முன் வனஜீவராசிகள் திணைக்களத்தில் விசாரியுங்கள்.

முதலை இருக்கிறது. "இந்தக் குளத்தில் இல்லை" என்று யார் சொன்னாலும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் தண்ணீரில் இறங்கி நிற்காதீர்கள், மாட்டிய தலையை எடுக்க நீந்தாதீர்கள், மீனைக் கரையில் வெட்டிக் கழுவாதீர்கள். இரணைமடுவில் மட்டம் 36 அடியை நெருங்கினால் வான் கதவு திறப்பார்கள். அப்போது கீழே ஆற்றுக்குள் மீன் துள்ளுவதைப் பார்த்து இறங்குவது வேண்டாத வேலை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நிற்கும் பக்கம், அங்கே எவ்வளவு நல்ல பள்ளம் இருந்தாலும், கால் வைக்காதீர்கள். மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை.

அண்ணா அடுத்த மாதம் கனடாவிலிருந்து வருகிறார். என்ன கொண்டுவரச் சொல்ல?

உருண்டைத் தலையில் 3.5 கிராம் பத்து, 7 கிராம் பத்து, முள் 1/0 அல்லது 2/0, தடித்த கம்பி. 2.7 கிராம் காளான் தலை ஐந்து, ஆசைக்கு. மூன்று அங்குல ரப்பர் மீன் இரண்டு பை, எலாஸ்டெக் ஒரு பை, தனித்தனியாக. 25 இறாத்தல் ஃபுளோரோகார்பன் ஒரு சுருள். தடி வேண்டாம், விமானத்தில் முறியும். கைப்பையில் வைக்கவிடமாட்டார்கள், முள் எல்லாம் பெரிய பெட்டிக்குள் போகட்டும். அண்ணா கடையில் நின்று படம் எடுத்து அனுப்பி "இது காணுமோ?" என்று கேட்டால், தலையைப் பார்க்காதீர்கள். முள்ளைக் கிட்டப் பிடித்து இன்னொரு படம் எடுக்கச் சொல்லுங்கள்.